மாமா எடுத்த ஆளில்லாத படங்கள்

அக்காள் புருஷனை வாயால் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். மனதுக்குள் கூப்பிடுவது வேறு, அது அச்சில் ஏறாது. தெருவில் அவருக்குப் பெயர் மேகம். ஏதோ கவிஞர் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் எடுக்கிற எல்லாப் படத்திலும் மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் ஒரே மேகம் ஒரே இடத்தில் நிற்கும். வெயில் காலத்திலும் அதுதான், மழைக் காலத்திலும் அதுதான். மூலைக்கடைக்காரர்தான் இதைக் கவனித்து முதலில் அப்படிக் கூப்பிட்டார். மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் தொழில் இது. ஊர் பார்க்க வருகிற பெண்கள் கிளம்புவதற்கு முன்பே போனில் பதிவு செய்துவிடுவார்கள். எந்த நிறம், எந்த இடம், காலையா மாலையா என்று அக்கா கேட்டு வைத்துக்கொள்வாள். வந்து இறங்கியதும் தரையைப் பெருக்குகிற நீளத்துக்கு வால் வைத்த கவுனை மாட்டிவிட்டு, மணிக்கூண்டு, கல்பாலம், கோட்டைப் படி, சிங்க நீரூற்று என்று பெயர்போன இடங்களில் எல்லாம் நிறுத்திப் படம் எடுத்துத் தருவோம். உடுத்துவது என்று இதைச் சொல்ல முடியாது, மாட்டுவதுதான். கவுனுக்கு முதுகே கிடையாது. ஒல்லியானவளுக்கும் பருத்தவளுக்கும் அதே கவுன். முன்பக்கம் மகாராணி, பின்பக்கம் கொடியில் துணி காயப்போடும் கிளிப். கீழே அவர்கள் போட்டு வந்த கால்சட்டையும் ஷூவும் அப்படியே இருக்கும். மாமா கையைக் காட்டியதும் நான் வாலின் நுனியைச் சுருட்டி மேலே வீசிவிட்டு, குனிந்தபடியே படத்தைவிட்டு வெளியே ஓட வேண்டும். துணி காற்றில் நிற்கிற நொடியில் அவர் எடுப்பார். எடுத்துவிட்டு "இன்னொண்ணு" என்பார். வீசு, குனி, ஓடு. என் உத்தியோகம் அவ்வளவுதான்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வேனிலிருந்து இறங்கும்போது கால் வலிக்கிறது, தண்ணீர் வேண்டும் என்று சாதாரண மனுஷியாகத்தான் இறங்குவார்கள். சிவப்புக் கவுனை மாட்டியதும் தலையில் கொம்பு முளைத்துவிடும். வழியில் போகிறவனைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நில் என்பார்கள். அந்த ஆள் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் நடக்கிறவன். இந்த மணிக்கூண்டு எந்தக் காலத்தது, யார் கட்டினார்கள் என்று இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை. மணி அடித்தால் மட்டும் திடுக்கிட்டுத் திரும்பி, இது இன்னும் ஓடுகிறதா என்பார்கள். கூட வந்த புருஷன் பைகளுக்கு நடுவில் பையோடு பையாக உட்கார்ந்திருப்பான். அவனிடமும் ஒரு போன் இருக்கும். பொழுது போகாமல் அவனும் ஒன்றிரண்டு எடுத்து வைப்பான். அதை அவன் பெண்டாட்டி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

மாமாவின் பழைய கதையைச் சொன்னால்தான் ஆளைப் புரிந்துகொள்ள முடியும். அரசாங்க அலுவலகங்கள் இருக்கிற தெருவில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருந்தார். ஸ்டூடியோ என்பது அவர் சொல்வது. ஒரு ஸ்டூலும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்த அறை அது. வருகிறவனை ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையை விரலால் நிமிர்த்தி, "காது தெரியணும், சிரிக்கக் கூடாது" என்பார். முன்னால் இருப்பது பிள்ளை பெற்றவளா, வேலை போனவனா என்றெல்லாம் அவருக்குக் கவலையில்லை. இரண்டு காதும் தெரிகிறதா, தீர்ந்தது விஷயம். மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார். அந்த நேரத்தில் வருகிறவர்களை அக்காதான் எடுத்து அனுப்புவாள். அவள் எடுத்த படத்தில் ஆட்கள் கொஞ்சம் ஆட்களாகவே இருப்பார்கள் என்று சொல்லி, சிலர் மத்தியானமாகப் பார்த்து வருவார்கள். மாமாவுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

பிறகு எல்லா அலுவலகத்திலும் அவர்களே ஒரு கருவியை வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குத் திடீரென்று தான் ஒரு கலைஞன் என்று ஞானம் வந்தது. இத்தனை வருஷம் சிரிக்காதே, சிரிக்காதே என்று ஊரையே அதட்டியவர், இப்போது வெட்டவெளியில் நின்று "சிரிங்க, வானத்தைப் பாத்துச் சிரிங்க" என்று கத்துகிறார். அக்கா ஆஸ்பத்திரித் துணிப் பிரிவில், மத்தியானத்தோடு முடிகிற தையல் வேலையில் இருந்தாள். நிரந்தர வேலை. இவருடைய கலைக்காக அதை விட்டுவிட்டு வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து அத்தனை கவுனையும் தைத்தாள். அவ்வளவு லேசான துணியில் ஓரம் சுருங்காமல் தைப்பது விளையாட்டில்லை. தொழிலை அவள் பேரிலேயே பதிவும் செய்தார்கள். பெண்டாட்டி மேல் உள்ள பிரியம் என்று நினைக்க வேண்டாம். பதிவு அலுவலக வரிசையில் நிற்பது கலைஞனுக்கு அழகில்லையாம்.

இனி அந்த மேகத்துக்கு வருகிறேன். ஒரு விடுமுறை நாள், ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால் மாமா தனியாகப் போய் எல்லா இடத்தையும் ஆளில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு வானத்தில் அந்த மேகம் இருந்தது. அன்றிலிருந்து எவள் வந்தாலும் அவளைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி எடுப்பார். வீட்டுக்கு வந்து அவளை மட்டும் கத்தரித்து அந்த வெறும் படத்தின்மேல் ஒட்டுவார். கூட்டம் போயிற்று, வண்டிகள் போயின, ஐஸ் விற்கிறவர் போனார், நானும் போனேன். ஊரில் ஆள் நடமாட்டமே இல்லாமல், கொள்ளைநோய் வந்து எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். நடுவில் ஒருத்தி மட்டும் சிவப்பாகப் பறந்துகொண்டிருப்பாள். ஒட்டி முடித்ததும் கேமராவில் எடுத்த அசலை அழித்துவிடுவார். குப்பையை எதற்குச் சேர்த்து வைப்பது என்பார். அக்கா ஒரு தடவை, இருக்கட்டுமே, ஒரு பக்கமாகக் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றாள். சமையல்காரன் தோலைச் சேர்த்து வைப்பானா என்று கேட்டார். காய்கறி நறுக்குவது எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாத மனுஷன் பேசுகிற பேச்சு.

மணிக்கூண்டில் பழுது பார்க்கும் வேலை ஆரம்பித்தது. அடியிலிருந்து நுனிவரை இரும்புக் குழாய்களால் சாரம் கட்டி, பச்சை வலையைப் போட்டு மூடிவிட்டார்கள். வருஷம் முழுக்க அப்படியே கிடந்தது. பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் அதைப் பார்த்ததும் அழாத குறை. மாமாவுக்கோ கொண்டாட்டம். "கவலையே படாதீங்க, படத்துல எதுவும் இருக்காது" என்பார். படம் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். என் வாழ்க்கையிலேயே அழகான நாள் என்று அக்காவுக்கு எழுதுவார்கள். வலை போட்டு மூடிய குழாய்க்கு முன்னால் வியர்த்து வழிந்துகொண்டு நின்ற நாளைத்தான் சொல்கிறார்கள். அதைப் படித்துக் காட்டச் சொல்லி மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒருத்திதான் வேறு மாதிரி. பல் டாக்டர், நடுவயது. நீலக் கவுனில் நின்றுகொண்டே மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அந்தக் கம்பியெல்லாம் இருக்கட்டும். நான் வந்தப்ப இப்படித்தானே இருந்துச்சு" என்றார். மாமா தலையை ஆட்டினார். அந்த அம்மா வேனில் ஏறியதும், ரசனை கெட்ட ஜென்மம் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்தார். அதோடு விட்டாரா, அந்த அம்மாவின் முன்பல் ஒன்று லேசாகக் கோணல், அதையும் நேராக்கிவிட்டார். ஒரு பல் டாக்டரின் பல்லை, கேட்காமலேயே. அவர் காரசாரமாக ஒரு கடிதம் அனுப்பினார். மாமா அதற்குப் பதில் போடவிடவில்லை.

நகராட்சி புது விதி கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். இனிமேல் அனுமதி வாங்கியவர்கள் மட்டும்தான் அந்த இடங்களில் தொழில்முறையில் படம் எடுக்கலாம். கொஞ்சம் பேருக்குத்தான் கொடுப்பார்கள். கடந்த ஒரு வருஷமாக அங்கே வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை, அதற்குப் படங்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மாமா அன்று சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் படத்தைப் பார்த்துவிட்டு நகராட்சி அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் பார் என்றார். அனுமதி கிடைக்காவிட்டால் தைத்த கவுன்களைக் கிழித்துத் தலையணை உறைதான் போட வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

மூன்று பேரும் போனோம். அதிகாரி ஒரு பெண். பேச்சில் கடுமை இல்லை, ஆனால் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பவர். முதலில் விதிகளைச் சொன்னார். பாதையை மறிக்கக் கூடாது, மணிக்கூண்டுச் சதுக்கத்து நீரூற்றில் இருக்கிற கல் சிங்கங்கள்மேல் ஏறக் கூடாது, போன மாதம் யாரோ ஏறி ஒரு சிங்கத்தின் காதை உடைத்துவிட்டார்கள், இனி ஏறுகிறவனுக்கு இந்த ஊரில் எதற்குமே அனுமதி கிடையாது என்றார். மாமா பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு, பெரிய அளவில் அச்சடித்த படங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். சிவப்பு, மஞ்சள், ஊதா. எல்லாவற்றிலும் மணிக்கூண்டு, எல்லாவற்றிலும் மேகம்.

அதிகாரி ஒரு படத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு நேர் எதிரே மணிக்கூண்டு சாரமும் பச்சை வலையுமாக நின்றுகொண்டிருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது எந்த ஊர் மணிக்கூண்டு?" என்றார்.

இதேதான் என்றார் மாமா. கம்பியெல்லாம் எங்கே என்று அவர் கேட்டார். எடுத்துவிட்டேன் என்றார். கூட்டம் எங்கே என்றதற்கு, அதையும் எடுத்துவிட்டேன் என்று பல்லைக் காட்டினார். பாராட்டு வரப்போகிறது என்று இன்னும் காத்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். அதிகாரி படங்களை அடுக்கி ஓரமாகத் தள்ளினார். எல்லா மணிக்கூண்டிலும் முள் ஒரே நேரத்தைக் காட்டுகிறது, இதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து செய்யலாம், நீங்கள் இந்த ஒரு வருஷத்தில் அந்தச் சதுக்கத்துக்கு வந்தீர்கள் என்று நான் எதை வைத்து நம்புவது என்றார். துடைக்காத படம் ஒன்று, எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, நாளைக்குள் கொண்டுவந்தால் போதும் என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மோசமான படம் எதையும் நான் வச்சுக்கிறதில்ல மேடம்" என்றார்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வருஷமாக நாங்கள் வெயிலில் வெந்தது நிஜம், வந்தவர்கள் நிஜம், நான் விழுந்து முட்டி பெயர்ந்தது நிஜம். அத்தனை நிஜத்தையும் ஒன்று விடாமல் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, போட்டதற்குப் பெருமையும் பேசிக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அங்கேயே அவரை இரண்டு அறை விட வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குத்தான் அந்தப் புருஷன்மார்கள் ஞாபகம் வந்தது. பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனில் எடுத்துக்கொண்டிருந்தார்களே, அவர்கள். வந்து போன பெண்களுக்கெல்லாம் கெஞ்சி எழுதினாள். உங்கள் வீட்டுக்காரர் போனில் எடுத்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், எங்கள் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்றாள். வாழ்க்கையிலேயே அழகான நாள் என்று எழுதியவர்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள், மீதிப் பேர் அதையெல்லாம் எப்போதோ அழித்துவிட்டோம் என்றார்கள். ஒருத்தி மட்டும் உள்ளதைச் சொன்னாள். இங்கே எல்லோரிடமும் மணிக்கூண்டு அப்படித்தான் இருந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன், கம்பியோடு ஒரு படம் வெளியே வந்தால் என் மானம் போய்விடும், தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள் என்றாள். அவள் மானமாம். வாடகைக் கவுனில் கிளிப் குத்திக்கொண்டு நின்றபோது அது எங்கே போயிருந்தது என்று கேட்டு எழுதச் சொன்னேன். அக்கா எழுதவில்லை.

கடைசியில் மிச்சம் இருந்தது பல் டாக்டர்தான். அவருக்கு எழுதக் கூடாது என்று மாமா குதித்தார். அக்கா எழுதினாள். கொஞ்ச நேரத்திலேயே பதில் வந்துவிட்டது. திட்டு ஒன்றும் இல்லை. ஒரு படம், கீழே ஒரு வரி: எங்க வீட்டுக்காரர் எடுத்தது, நான் இதைத்தான் மாட்டி வச்சிருக்கேன்.

நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். சாரம் இருந்தது, பச்சை வலை இருந்தது, ஐஸ் விற்கிறவர் இருந்தார், போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெருங்கூட்டம் இருந்தது. தூரத்தில் நீலக் கவுனில் டாக்டர் கோணல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு, கோழி பிடிக்க ஓடுகிறவளைப்போல நான். வேலை செய்யும்போது நான் எப்படி இருப்பேன் என்று அன்றுதான் பார்த்தேன். அக்கா கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இது போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, அடிவானம் சரிஞ்சிருக்கு என்றார்.

மறுநாள் அதிகாரி போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்து, "இது நீதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் இளகியது. அக்கா மூச்சை விட்டாள். அப்போதுதான் அவர் படத்தின் ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"சிங்கத்து மேல ஏறி நிக்கிறது யாரு?"

படத்தின் முன்பக்க ஓரத்தில், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு ஆள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு கால் சிங்கத்தின் முதுகில், இன்னொரு கால், ஷூவோடு, அதன் தலையில். நல்ல கோணத்துக்காக மாமா எங்கேயும் ஏறுவார். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் எங்கள் கண்ணில் அது படவே இல்லை.

மாமா வாயைத் திறந்தார். எனக்கு அந்த வாயைத் தெரியும். நான்தான் மேடம், அங்கே ஏறினால்தான் அந்தக் கோணம் கிடைக்கும் என்று விளக்கமே சொல்லியிருப்பார். அக்கா முந்திக்கொண்டாள்.

"தெரியல மேடம். கூட்டத்துல யாரோ."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அப்போ உங்க படத்த எடுக்கறது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா. குரல் ஆடவே இல்லை. "இவ துணி வீசுறா. நான் வேற பக்கம் நின்னு எடுக்கறேன், அதனால இதுல வரல. இவர் என் வீட்டுக்காரர், துணைக்கு வந்திருக்கார்."

அப்படியானால் அனுமதி உங்கள் பேரில்தான், அங்கே உங்களைத் தவிர வேறு யாரும் கேமராவைத் தொடக் கூடாது, தொட்டால் ரத்து என்றார் அதிகாரி. சரி என்றாள் அக்கா. அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் கையெழுத்துப் போடாமல் போனை மாமா பக்கமாகத் திருப்பி வைத்தார். அதிகாரிக்குப் புரிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நீங்க சொல்லுங்க. இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

மாமா குனிந்து பார்த்தார். அவர் ஒரு படத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை, பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருந்த இருப்புக்கு அவரைக் காலால் உதைத்திருப்பேன்.

"தெரியாதுங்க மேடம்" என்றார். பேனா இன்னும் அசையாததைப் பார்த்துவிட்டு, போனைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"யாரோ விவரங்கெட்டவன்."